மாப்பிள்ளைத் தண்ணி

முன்னாடி வந்து உக்காருங்க மாப்ளை. கோபியிலிருந்து இந்தப் பண்ணாரி வரைக்கும் பின் சீட்டுல வந்தீங்க, சரி, கூச்சம், நானும் ஒண்ணும் சொல்லலை. இனி மலை ஏறப்போறோம். எங்க வூட்டுக்கு மாப்ளையா வர்றவங்க மலை ஏறும்போது முன் சீட்டுலதான் உக்காரோணும். எங்கய்யன் போட்ட சட்டம் அது. கதவை அடிச்சுச் சாத்தாதீங்க, மெல்ல இழுங்க. ஆங், அவ்வளவுதான். ஒரு ஸ்பிரிங் முதுகுல குத்தும், கண்டுக்காதீங்க. பழகிப்போயிரும்.

அந்தக் கம்பளியைப் பின்னால போடுங்க. உங்கத்தை குடுத்ததுதானே? நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பங்குனி வெயிலு மண்டையைப் பொளக்குது, இவ வாசல் வரைக்கும் ஓடியாந்து, "மேல குளிருமுங்க, மடியிலயே வெச்சுக்கங்க"ன்னு கையில திணிச்சுட்டுப் போறா. குளிராவது மண்ணாவது. ஒரு வருசமா அவளுக்கு என்னமோ ஆயிருச்சுங்க. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வருவா, இந்த வண்டியில ஏற மாட்டா. இன்னிக்குங்கூடப் பாருங்க, உங்க வூட்டு வேனுல எடமில்லைன்னு தெரிஞ்சும் சிந்துஜாவை இழுத்துக்கிட்டு அதுலதான் போயி ஏறுனா. போகட்டும், நமக்கு நல்லதாப் போச்சு. மாமனும் மாப்ளையுமா நாலு வார்த்தை பேசிக்கிட்டே போகலாம்.

அம்மனுக்குச் சூடம் பத்தவெச்சாச்சு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தியாச்சு. கல்யாணப் பத்திரிகை எங்கே? உங்க கையிலயே இருக்கட்டும். மொதப் பத்திரிகை எங்க குலதெய்வத்துக்குத்தான். திம்பம் தாண்டி உள்ள போகோணும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள சாமி முன்னாடி வெச்சுரோணும். எனக்கு இப்ப இருக்கற வெசனமெல்லாம் அது ஒண்ணுதானுங்க.

உங்க போன் அடிக்குது பாருங்க. சிந்துஜாவா? இப்பத்தான் சாமி கும்பிட்டுட்டு மறுபடி வேனுல ஏறி முன்னால போனா, இன்னும் சீட்டு சூடாகலை, அதுக்குள்ள பாருங்க. வர்ற வழியிலயும் ரெண்டு தடவை பேசுனீங்க, கண்ணாடியில பாத்தேன். பேசுங்க, பேசுங்க. கட்டிக்கப்போற புள்ளை, ஆசை இருக்கத்தானே செய்யும்.

என்ன, கட்டாயிருச்சா? அவ்வளவுதான், இனிமே மலையில சிக்னல் கெடையாது. என்ன சொன்னா? ஒண்ணுமில்லையா? சரி சரி, மாமன்கிட்டச் சொல்ற சமாச்சாரமா அது.

காலுக்கடியில கேன் இடிக்குதுங்களா? அதைத் தள்ளி வெக்காதீங்க. அதுதான் மாப்பிள்ளைத் தண்ணி. சிந்துஜா சொல்லலையா உங்களுக்கு? எங்க குடும்பத்துல பெரிய வழக்கமுங்க அது. இந்த மோரிஸ் காரை எங்கய்யன் எஸ்டேட் தொரை ஒருத்தர்கிட்ட வாங்கினாரு. அந்தக் காலத்துலயே பாதி மலையில தண்ணி கேக்கும். அங்க நிறுத்துவாரு. மாப்ளையா வந்தவரு எறங்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தன் கையால தண்ணி ஊத்தோணும். ஊத்துனாத்தான் அவரு நம்ம வூட்டு ஆளு. எங்கக்கா புருசன் ஊத்துனாரு, ரெண்டு தங்கச்சி புருசனும் ஊத்துனாங்க. ஆருக்கும் ஒரு கீறல் விழுகலை. எங்கய்யனுக்கு என்ன, நிறுத்துனா நிறுத்துனதுதான். புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு, எல்லாரும் தின்னு, வெத்தலை போட்டு, ரெண்டு கதை பேசி, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுத்தான் "இப்பத் திறங்க மாப்ளை"ம்பாரு. ராகு காலம், எமகண்டம் ஒண்ணும் பாக்க மாட்டாரு. எனக்கு அந்தச் சவுகரியம் கெடையாது. நான் சாமிக்குப் பயந்தவன்.

மொத வளைவு வந்துருச்சு. கையைக் கதவுல வெச்சுக்கங்க. பாருங்க, எப்படித் திரும்புது. வெண்ணெயில கத்தி போறாட்ட.

இந்த வண்டியில எது வேணும்னாலும் போகட்டும், ரேடியேட்டர் மட்டும் ஒரிஜினலா இருக்கோணும்னு எங்கய்யன் சொல்லுவாரு. மேல் தொட்டி பித்தளை, உள்ள குழாயெல்லாம் செம்பு. சீமையில செஞ்சது. ஆயுத பூசைக்கு எங்க வூட்டுல மொதச் சந்தனம் அதுக்குத்தான், அப்பறந்தான் ஸ்டீரிங்குக்கே. அது கொஞ்சம் ஒழுக ஆரம்பிச்சுது. போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில. என்ன இப்ப, வயசானா மனுசனே ஒழுகறான். நான் என்ன பண்ணேன், ஒரு பிடி மஞ்சத்தூளைக் கொண்டாந்து உள்ள போட்டேன். நம்ம தோட்டத்து மஞ்சள், நாமளே வேக வெச்சு நம்ம கல்லுல அரைச்சது. லாரிக்காரங்க தலைமுறை தலைமுறையா பண்றதுதானே. ஓட்டை கப்புனு அடைச்சுக்கிச்சு. மறுபடி ஒழுகும், மறுபடி ஒரு பிடி. செலவே இல்லை.

அப்பத்தான் நம்ம மூத்த மாப்ளை பேச ஆரம்பிச்சாரு. கார்வேந்தன். கௌசல்யாவைக் கட்டினவரு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. உங்க நிச்சயத்துக்கு வரலைங்களே. கோயமுத்தூர்ல பம்புசெட்டுக் கம்பெனியில இஞ்சினீயர். நல்ல மனுசன்தான், இல்லைங்கலை. ஆனா வாயி. "மாமா, மஞ்சள் ஓட்டையை மட்டும் அடைக்காதுங்க, உள்ள இருக்கற குழாயையும் அடைச்சுப்போடும். தண்ணி சுத்தாது, சூடு எறங்காது. மலையில ஒருநாள் வெடிக்கும்"னு. வெடிக்குமாமா. வெடிக்கறதுக்கு அது என்ன, தீவாளி வெங்காய வெடியா?

அப்பறம் ஒரு ரோசனை சொன்னாரு. மேல் தொட்டியும் கீழ் தொட்டியும் அப்படியே இருக்கட்டுமாம், நடுவுல இருக்கற குழாய்க்கூட்டை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சுப் பத்தவெச்சுரலாமாம். வெளிய இருந்து பாத்தா ஆருக்கும் தெரியாதாம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு, அது எங்க பரம்பரையிலயே கெடையாதுங்க மாப்ளை"ன்னேன். அன்னிக்கே கோயமுத்தூருக்குக் கெளம்பிட்டாரு.

ஏனுங்க மீட்டரையே பாத்துக்கிட்டு வர்றீங்க? அந்தச் சூட்டு முள்ளா? அது ஏறும். மலை ஏறினா முள்ளும் ஏறத்தானே செய்யும். அது பழைய முள்ளு, பயந்தாங்கொள்ளி. நீங்க காட்டைப் பாருங்க. மூங்கில் எப்படிக் காஞ்சு கெடக்குது பாருங்க.

போன வருசம் தைப்பூசத்துக்கு நான் பழனிக்குப் பாத யாத்திரை போனேன். வருசா வருசம் நடக்கறதுதான். போயிட்டு வந்து வண்டியை எடுத்தேன். என்ன சொல்றது போங்க! சூடே ஆகலை. சத்தி போறேன், அந்தியூர் போறேன், நடு மத்தியானம் ஓட்டறேன், முள்ளு பாதியைத் தாண்டலை. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. முருகன் கண்ணைத் தொறந்துட்டான்னு நெனைச்சேன். பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். டீக்கடையில சொன்னேன், சொசைட்டியில சொன்னேன், மஞ்ச மண்டியில போயி ஒரு கூட்டமே போட்டுச் சொன்னேன். "பாருங்கய்யா, ஒரிஜினல்னா ஒரிஜினல்தான். பித்தளையும் செம்பும். நீங்க பிளாஸ்டிக்கைக் கட்டிக்கிட்டு அழுகுங்க"ன்னு. ஒரு மாசம். கௌசல்யாவும் அவரும் வந்திருந்தாங்க ஒரு நாளு, அவங்ககிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. சந்தோசத்துல சிரிக்கறாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்.

மாசி மாசம் கோபியில ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டியைக் கேட்டாங்க. உங்களுக்குத் தெரியுமே, நாதஸ்வரம் முன்னால, வாணவேடிக்கை முன்னால, வண்டி நடையா நடக்கோணும். எப்பேர்ப்பட்ட வண்டியும் அதுல கொதிச்சுரும், காத்தே அடிக்காதில்லீங்களா. என் பங்காளி நல்லசிவம் வண்டியும் வந்திருந்துச்சு, அவனும் பழைய கார் வெச்சிருக்கறவன். தேர்முட்டி தாண்டுறதுக்குள்ள அவன் வண்டி புகைஞ்சு நின்னுருச்சு. என் வண்டி கம்முனு போகுது. விடுவனா? பேண்டு செட்டை நிறுத்தச் சொல்லிட்டு சொந்தபந்தம், அத்தனை ஒறம்பரைக்கும் நடுவுல நின்னு பேசுனேன். எங்கய்யன், சீமை, பித்தளை, செம்பு, பழனி ஆண்டவன், எல்லாத்தையும் பேசுனேன்.

நல்லசிவம் பொட்டாட்ட, சத்தமில்லாம வந்து பானட்டைத் தூக்குனான். டார்ச்சை அடிச்சான். "ஏப்பா தெய்வசிகாமணி, உங்கய்யன் காலத்துலயே அலுமினியத்துல வந்திருச்சா?"ன்னான்.

புது ரேடியேட்டருங்க. பளபளன்னு, நேத்துப் பொறந்தாட்ட. நான் பழனிக்கு நடந்துக்கிட்டு இருக்கறப்ப, நம்ம மூத்தவரு வந்து மாத்திவிட்டுப் போயிருக்காரு. என் பொண்ணும் கூட இருந்திருக்கா. உங்கத்தை காப்பி வெச்சுக் குடுத்திருக்கா. எல்லாரும் ஒட்டுக்காச் சேந்து பண்ணியிருக்காங்க.

நாதஸ்வரக்காரன் வாயிலிருந்து குழலை எடுத்துட்டுச் சிரிச்சான் மாப்ளை. பொண்ணு வூட்டுக்காரங்க சிரிச்சாங்க. வண்டிக்குள்ள இருந்த அந்தக் கல்யாண மாப்ளைப் பையன், மாலையும் கழுத்துமா, அவனும் சிரிச்சான். அந்த நிமிசம் பூமி பொளந்திருந்தா உள்ள போயிருப்பேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இன்னிக்கும் மண்டிக்குப் போனா "என்னங்க, முருகன் நல்லா இருக்காரா?"ங்கறானுக.

கேட்டேன் அவரை. "உங்களுக்குத் தெரிஞ்சா விட மாட்டீங்கன்னுதான் மாமா. பழசைத் தூக்கிப் போடலைங்க, சாக்குல சுத்தி வெச்சிருக்கேன். கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்டக் குடுத்துத் தொட்டியை அப்படியே வெச்சு உள்கூட்டை மட்டும் செஞ்சு வாங்கிட்டு, மறுபடி மாட்டிரலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் நீங்க ரோட்டுல பத்தரமா இருக்கோணுமில்லீங்க"ன்னாரு. என்ன பேச்சு பாத்தீங்களா? என்னைப் பத்தரமா வெக்கறதுக்கு இவரு ஆரு?

மக்யா நாளு விடிஞ்சதுமே ஆளை வெச்சு அந்தப் புதுசைக் கழட்டுனேன். தோட்டத்துக் கெணத்துல தூக்கிப் போட்டேன். சாக்கைப் பிரிச்சுப் பழசை மாட்டுனேன். சொட்டுச்சு. ரெண்டு கை மஞ்சத்தூள் போட்டேன். நின்னுச்சு.

வாசம் வருதுங்களா? மூக்கைச் சுளிக்காதீங்க, அது மஞ்ச வாசம். தோட்டத்துல மஞ்சள் வேக வெக்கறப்ப வருமே, அதேதான். எனக்கு இந்த வாசம் வந்தா எங்கய்யனே பக்கத்துல உக்காந்து வர்றாட்ட இருக்கும். புகையா? எங்கே? அது பனி. சரி, பனி இல்லை, வெயில்தான் அடிக்குது. எதோ தூசி. லாரி போயிருக்கும் முன்னால.

எங்க விட்டேன்? ஆங். போன வருசம் இதே பங்குனியில, பொங்கல் வெக்கறதா வேண்டுதல். நல்லசிவத்துக்கும் ஊருக்கும் காட்டோணுமில்ல. "வாங்க மாப்ளை, ஒரிஜினல் ரேடியேட்டர் மலை ஏறுதா இல்லையான்னு உங்க கண்ணாலயே பாருங்க"ன்னு கார்வேந்தனைக் கூப்பிட்டேன். வர மாட்டேன்னுதான் சொன்னாரு. கௌசல்யாதான், "அப்பா மனசு ஆறட்டும், ஒரு தடவை போயிட்டு வந்துரலாம்"னு கூட்டிக்கிட்டு வந்தா. அவரு இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே எடம். அவளும் உங்கத்தையும் பின்னால.

இன்னும் கொஞ்ச தூரத்துல வரும் அந்த வளைவு. ஒரு கட்டைச் சுவரு இருக்கும், வெள்ளையடிச்சது. அதுல ஒரு எடத்துல மஞ்சக் கறை இருக்குது, மழையில கூடப் போகலை. காட்டறேன் உங்களுக்கு.

அங்க வந்து நின்னுச்சு. கொதிச்சுதான் நின்னுச்சு, பொய் சொல்லலை. ஆனா அது எங்கய்யன் காலத்திலயும் நின்ன எடந்தானே? மாப்பிள்ளைத் தண்ணி ஊத்துற எடம் அது. "எறங்குங்க மாப்ளை, திறந்து ஊத்துங்க"ன்னேன். "ஆறட்டும் மாமா, இஞ்சினை அணைச்சுட்டு அரை மணி நேரம் இருக்கலாம்"னாரு. அன்னிக்கும் வெள்ளிக்கிழமை. ராகு காலம் பொறக்கப் போகுது. அரை மணி நேரத்துக்கு நான் எங்க போறது? அணைச்சாலும் இந்தச் சூட்டுல மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஹேண்ட் பிரேக் வேற நிக்காது, நான் பிரேக்குலயும் ஆக்சிலேட்டர்லயும் கால் வெச்சுக்கிட்டு இருக்கோணும். நான் எப்படி எறங்கறது, சொல்லுங்க? கௌசல்யா பின்னால இருந்து "ஆறட்டும்ப்பா, ஆறட்டும்ப்பா"ங்கறா. "உன் புருசனுக்குத்தான் எல்லாந் தெரியுமே, அலுமினியமெல்லாம் மாட்டத் தெரியுது, ஒரு மூடி திறக்கத் தெரியாதா? இல்லை, பயமா?"ன்னேன். சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுதானுங்க. மாமன் மாப்ளைன்னா ஒரு கேலி இருக்காதா?

மொகம் செவந்துபோச்சு அவருக்கு. கௌசல்யா எறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சா. அவரு என் துண்டை வாங்கிக்கிட்டுப் போயி பானட்டைத் தூக்குனாரு. பானட்டைத் தூக்கிட்டா எனக்கு இங்கிருந்து ஒண்ணுந் தெரியாது. சத்தந்தான் கேட்டுது.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாங்க. மெல்ல, பதனமாத் திறந்திருக்கோணும். சடார்னு திறந்துட்டாரு.

கண்ணாடியெல்லாம் மஞ்சத் தண்ணி. சுவரெல்லாம் மஞ்சத் தண்ணி. அவரு கத்தலைங்க. ஒரு மாதிரி முனகுனாரு, அவ்வளவுதான். கீழ உக்காந்துட்டாரு. எறங்கிப் போயிப் பாத்தேன். மொகம், கழுத்து, நெஞ்செல்லாம் மஞ்சளு. கல்யாணத்தன்னிக்கு நலுங்கு வெச்சமே, அன்னிக்கு இருந்தாட்டவே இருந்துச்சு. எனக்கு அதுதான் மொதல்ல நெனைப்பு வந்துது. அப்பறந்தான் தோலு வழண்டு வர்றது தெரிஞ்சுது. ஆனா ஒண்ணு பாருங்க, மஞ்சத் தண்ணிதானே? புண்ணுக்கே மருந்துதானே அது? வெறுந் தண்ணியா இருந்திருந்தா இன்னும் மோசமாயிருக்கும். இதை நான் சொன்னா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

தண்ணிக் கேன் ரெண்டு இருந்துச்சு. அங்கதான் சண்டையே. இன்னிக்கு வரைக்கும் அதுதான் சண்டை. கௌசல்யா "தண்ணி, தண்ணி"ன்னு கத்தறா. நானும் தண்ணியைத்தான் எடுத்தேன். ரேடியேட்டர்ல ஊத்துனேன். வேற என்ன பண்றது? காலி ரேடியேட்டரோட நின்னா செம்புக் குழாய் என்னத்துக்காகும்? வண்டி போச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு எதுல கொண்டு போறது? நான் ரோசனை பண்ணித்தான் ஊத்துனேன். ரெண்டாவது கேனை அவ புடுங்க வந்தா. நான் குடுக்கலை. பெத்த அப்பனைக் கையில கடிச்சா மாப்ளை. இங்க பாருங்க, இந்தக் கட்டைவிரல்கிட்ட. தெரியுதா?

அப்பத்தான் தாளவாடியிலிருந்து கோசு லாரி ஒண்ணு எறங்கி வந்துது. அந்த டிரைவர் குதிச்சு வந்து, குடிக்க வெச்சிருந்த தண்ணியெல்லாம் அவரு மூஞ்சில ஊத்துனான். தூக்கி லாரியில ஏத்துனான். கௌசல்யாவும் ஏறுனா. நான் சொல்றேன், "அம்மணி, நம்ம வண்டி ரெடி, தண்ணி ஊத்தியாச்சு, வா போலாம்"னு. திரும்பிக்கூடப் பாக்கலை. உங்கத்தையும் லாரியிலயே ஏறிப் போயிட்டா. சொந்தக் கார் ஓடற நெலமையில நிக்குது, என் பொண்டாட்டியும் என் பொண்ணும் கோசு மூட்டை மேல உக்காந்து போறாங்க. ஊரு என்ன பேசும்? எனக்கு அதுதானுங்க இன்னிக்கும் ஆறலை. அவரு கண்ணு போனது விதி. அதை ஆரு தடுக்க முடியும்? ஆனா இது விதியா? இது திமிரு.

நானா? நான் மேல போயிப் பொங்கல் வெச்சுட்டுத்தான் எறங்கினேன். வேண்டுதலைப் பாதியில விடலாமுங்களா?

வலது கண்ணு சுத்தமாத் தெரியாதாம். இடது கண்ணு மங்கலாம். கம்பெனியில வேற வேலைக்கு மாத்திட்டாங்களாம். நான் ஒருக்கா பாக்கப் போனேன், பழமெல்லாம் வாங்கிக்கிட்டு. கௌசல்யா கதவைத் தொறக்கலை. அப்பறம் நான் போகலை. பெத்தவனுக்கும் ரோசம் இருக்குமில்லீங்களா. தங்கச்சி கல்யாணத்துக்கும் வர மாட்டாளாம். போகட்டும். எனக்கு நீங்க இருக்கீங்க. இந்தத் தடவை எல்லாம் ஒழுங்கா நடக்கோணும். மாப்ளை ஊத்துனாரு, ஒண்ணும் ஆகலைன்னு ஊரு சொல்லோணும். அதுக்குத்தான் உங்களை இந்த வண்டியில கூட்டிக்கிட்டு வந்தேன்.

பாத்தீங்களா, வந்துருச்சு. அதுதான் அந்தச் சுவரு. அந்த மஞ்சக் கறை தெரியுதா? அந்த முள்ளைப் பாக்காதீங்கன்னு சொன்னேன்ல. செவப்புக்குப் போனா என்ன, செவப்பு மங்களந்தானே. நிறுத்தறேன், இருங்க. சத்தம் அப்படித்தான் வரும்.

எறங்குங்க. பின் சக்கரத்துக்கு ஒரு கல்லு வைங்க, பெருசாப் பாத்து. வெச்சாச்சா? அந்தப் பக்கமும் ஒண்ணு. நல்லது. இந்தாங்க துண்டு. கேனை எடுத்துக்கங்க. அரை மணி நேரமா? அட, நீங்களுமா? மணியைப் பாருங்க மாப்ளை, ராகு காலம் பொறக்கப் போகுது. உங்க கல்யாணத்துக்குத்தான் இந்த ஓட்டம். கார்வேந்தன் சடார்னு திறந்தாரு, நீங்க மெல்லத் திறக்கப் போறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஏனுங்க இக்கட்ட வர்றீங்க? பானட்டு முன்னால இருக்குது. ஜன்னல்ல எதுக்குக் கையை விடறீங்க? சாவியை எதுக்கு...

அணைச்சுட்டீங்களே! ஏனுங்க, என்ன காரியம் பண்ணீங்க? இனி எப்ப ஸ்டார்ட் ஆகறது? சாவியைக் குடுங்க. குடுங்கன்னா. பையில போட்டுக்கறீங்க? மாமனார்கிட்ட நடந்துக்கற மொறையா இது?

என்னது? சிந்துஜா சொன்னாளா? போன்லயா? என்னன்னு சொன்னா?

மறுபடி சொல்லுங்க.

"அப்பா என்ன சொன்னாலும் அந்த மூடியைத் தொடாதீங்க"ன்னா? என் சிந்துஜாவா? மூணு தடவையும் அதைத்தான் சொன்னாளா? நான் என்னென்னமோ நெனைச்சுக்கிட்டேன். கம்பளியா? கம்பளிக்கு என்ன இப்ப? ஓ. குளிருக்கு இல்லையா அது. மூஞ்சிக்கா. ஒருவேளை திறக்கும்படி ஆயிருச்சுன்னா மூஞ்சில சுத்திக்கறதுக்கா. உங்கத்தை சொல்லிக் குடுத்தாளா.

நெஞ்சு எரியுதுங்க மாப்ளை. முப்பது வருசம் என்கூடக் குடும்பம் நடத்துனவ. நான் பெத்த புள்ளை. என்னைய என்னன்னு நெனைச்சுட்டாங்க? என்கிட்ட இருந்து உங்களைக் காப்பாத்தோணும்னு ஒருத்தி கம்பளி குடுக்கறா, ஒருத்தி போன் பண்றா. நான் என்ன கொலைகாரனா? எங்கய்யன் பண்ணுனதைத்தானே நானும் பண்றேன்?

சரி. நீங்க திறக்க வேண்டாம். கல்லு வெச்சாச்சு, இஞ்சினும் அணைச்சாச்சு, இனி நான் எதுக்கு உள்ள உக்காந்திருக்கோணும்? நானே திறக்கறேன். தள்ளுங்க. அந்தத் துண்டை இப்படிக் குடுங்க.

பாருங்க, பானட்டைத் தூக்கியாச்சு. எப்படி இருக்குது பாருங்க எங்கய்யன் ரேடியேட்டர். நேத்துத்தான் புளி போட்டுத் தேச்சேன். சத்தமா? அது உள்ள முணுமுணுக்கும், அதுக்கும் வயசாச்சில்ல. எனக்குத் தெரியாத சத்தமா? கையைப் பிடிக்காதீங்க மாப்ளை. விடுங்க. விடுங்கன்னா! அந்தக் கம்பளியை அக்கட்ட எடுங்க, எனக்கெதுக்கு அது? நம்ம தோட்டத்து மஞ்சத் தண்ணி, என்னைய ஒண்ணும் பண்ணாது. தள்ளி நின்னா உங்களுக்கு எப்படித் தெரியும்? கிட்ட வாங்க. நாளைக்கு உங்கத்தைகிட்டயும் சிந்துஜாகிட்டயும் நீங்கதானே சொல்லோணும், மாமா திறந்தாரு, ஒண்ணும் ஆகலைன்னு. கௌசல்யாகிட்டயும் சொல்லோணும். வந்து நல்லாப் பாத்துக்கங்க. துண்டைப் போட்டு, இப்படிப் பிடிச்சு, ஒரே சுத்து.